இணையவழிப் பல் மருத்துவ ஒழுக்கவியல் பாடம்: பணம் கட்டும் முன் விதிமுறைப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் பல் மருத்துவப் பணிக்கான பதிவு கிடைத்த சில வாரங்களிலேயே சிபிடி (பதிவில் நீடிக்க எடுக்க வேண்டிய தொடர் தொழில்முறைக் கல்வி) விளம்பரங்கள் மின்னஞ்சலில் குவியத் தொடங்கிவிடும். "சட்டமும் ஒழுக்கவியலும், ஒரு மணி நேரம், உடனடிச் சான்றிதழ்" என்று வரும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ஓஆர்இ தேர்வுக்கும் விசாவுக்கும் வீட்டு வாடகைக்கும் கையில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டு நிற்கிற நேரம் அது. எது மலிவோ அதை வாங்கத்தான் தோன்றும். ஆனால் நீங்கள் எடுத்த மணி நேரம் கணக்கில் சேருமா, சான்றிதழ் எத்தனை நாள் உங்கள் கைக்கு எட்டும், பணம் திரும்பி வருமா என்பதெல்லாம் யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும். அதுதான் 'பயன்பாட்டு விதிமுறைகள்'.

முன்பு வேலை பார்த்த ஒரு பிராக்டிஸின் (பல் மருத்துவமனையின்) கூட்டுக் கணக்கில் எடுத்த பாடங்களுக்குச் சான்றிதழ் வாங்க, வேலை மாறிய பிறகு மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். கணக்கு பிராக்டிஸுடையது, எங்களால் தர இயலாது என்றது பாட நிறுவனம். கணக்கை மூடிவிட்டோம் என்றது பிராக்டிஸ். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். டென்டிஸ்ட், டென்டல் நர்ஸ், ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட் என்று ஜிடிசி (பிரிட்டனில் பல் மருத்துவத் துறையினரைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவில் உள்ள எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

சிபிடி ஐந்தாண்டுச் சுழற்சியில் ஓடுகிறது. டென்டிஸ்டுகளுக்குப் பதிவு கிடைத்ததற்கு அடுத்து வரும் ஜனவரி 1 அன்று சுழற்சி தொடங்கும். டென்டல் நர்ஸ், ஹைஜீனிஸ்ட் போன்ற மற்றவர்களுக்கு அடுத்து வரும் ஆகஸ்ட் 1. 2025 ஏப்ரலில் பதிவான டென்டிஸ்டுக்குச் சுழற்சி 2026 ஜனவரி 1 முதல் 2030 டிசம்பர் 31 வரை. 2025 அக்டோபரில் பதிவான டென்டல் நர்ஸுக்கு 2026 ஆகஸ்ட் 1 முதல் 2031 ஜூலை 31 வரை.

இது ஏன் முக்கியம் என்றால், சான்றிதழில் உள்ள தேதி சுழற்சிக்குள் விழ வேண்டும். பதிவு வந்த உற்சாகத்தில் அந்த வாரமே ஆண்டுச் சந்தா கட்டி, சுழற்சி தொடங்கும் முன்பே பாடங்களை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்தது வீணாகாது, ஆனால் அந்த மணிகளைச் சுழற்சிக் கணக்கில் காட்ட முடியாது. உங்கள் தேதியை ஜிடிசி தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்துவிட்டுப் பிறகு சந்தாவைப் பற்றி யோசியுங்கள்.

ஐந்தாண்டில் தேவையான மணிகள்: டென்டிஸ்டுக்கு 100. ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட், ஆர்த்தடான்டிக் தெரபிஸ்ட், கிளினிக்கல் டென்டல் டெக்னீஷியன் ஆகியோருக்கு 75. டென்டல் நர்ஸுக்கும் டென்டல் டெக்னீஷியனுக்கும் 50. இதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அடுத்தடுத்த எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்தாலும் குறைந்தது 10 மணி இருக்க வேண்டும். கடைசி ஆண்டில் மொத்தமாக முடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

2. ஒழுக்கவியலுக்கு எத்தனை மணி?

"ஒழுக்கவியல் கட்டாயம், இத்தனை மணி எடுத்தே ஆக வேண்டும்" என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவ அவசரநிலை (சுழற்சிக்கு 10 மணி), கிருமி நீக்கம் (5 மணி), கதிர்ப்படம் (5 மணி) ஆகியவற்றுக்குத்தான் ஜிடிசி மணி குறிப்பிட்டுப் பரிந்துரைக்கிறது. சட்டமும் ஒழுக்கவியலும், புகார்களைக் கையாளுதல், வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், குழந்தைகளையும் பாதுகாப்பற்ற பெரியவர்களையும் காத்தல் ஆகியவை பரிந்துரைப் பட்டியலில் உள்ளன, ஆனால் அவற்றுக்கு மணிக்கணக்கு கிடையாது.

அதற்காக விட்டுவிடாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஊரில் படித்து வந்த நமக்கு இங்கே அதிகம் இடறுவது கை வேலையில் அல்ல, ஒப்புதல் பெறுவதிலும் குறிப்பு எழுதுவதிலும் புகாருக்குப் பதில் சொல்வதிலும்தான். பெரியவர் சொன்னால் நோயாளி தலையாட்டுகிற இடத்திலிருந்து, எல்லா வழிகளையும் செலவோடும் ஆபத்தோடும் விளக்கி முடிவை நோயாளியிடம் விடுகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். ஜிடிசியின் 'ஸ்டாண்டர்ட்ஸ் ஃபார் த டென்டல் டீம்' ஆவணம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஒன்பது கொள்கைகளில் மூன்றாவது, செல்லத்தக்க ஒப்புதலைப் பற்றியது. அந்த ஆவணம் இலவசம். எந்தப் பாடத்துக்கும் பணம் கட்டும் முன் அதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சில கட்டணப் பாடங்கள் அதன் சுருக்கத்தைத் தவிர வேறெதுவும் தருவதில்லை என்பது அப்போது புரியும்.

3. மாதிரிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்

இது மிக முக்கியமான படி. ஜிடிசி எந்தப் பாடத்துக்கும், எந்த நிறுவனத்துக்கும் அங்கீகாரம் தருவதில்லை. 'ஜிடிசி அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு தளம் போட்டிருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் செல்லுமா என்பதைச் சான்றிதழில் உள்ள விவரங்கள்தான் முடிவு செய்யும். அதில் இவை இருக்க வேண்டும்:

– பாடத்தின் பொருள், உள்ளடக்கம், நோக்கங்கள்
– ஜிடிசி வகுத்த கற்றல் பலன்களில், அதாவது டெவலப்மென்ட் அவுட்கம்களில் (ஏ, பி, சி, டி), எதைச் சார்ந்தது
– எடுத்த தேதி
– மொத்த மணி நேரம்
– உங்கள் பெயர்
– தரச் சரிபார்ப்பு நடந்ததா, அதைச் செய்த நபர் அல்லது அமைப்பின் பெயர்
– இந்த விவரங்கள் முழுமையானவை, சரியானவை என்று நிறுவனம் தரும் உறுதி

மலிவான தளங்களின் சான்றிதழில் பெரும்பாலும் விடுபடுவது கடைசி இரண்டும்தான். தங்க நிறக் கரை, பெரிய முத்திரை, அழகான கையெழுத்து எல்லாம் இருக்கும். கீழே 'தரச் சரிபார்ப்பு' என்று ஒரு வரியும் இருக்கும், ஆனால் யார் சரிபார்த்தது என்று இராது. இன்னும் சிலவற்றில் நேரம் 'மணி' என்று இராமல் 'கிரெடிட்' அல்லது 'பாயின்ட்' என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது மணி.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இனிஷியல், அப்பா பெயர், கடவுச்சீட்டில் உள்ள பெயர், ஜிடிசி பதிவில் உள்ள பெயர் என்று நமக்கு நாலு வடிவம் இருக்கும். கணக்குத் தொடங்கும்போதே ஜிடிசி பதிவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில் கொடுங்கள். சான்றிதழ் வெளியான பின் பெயரை மாற்றித் தர மாட்டோம் என்றோ, மாற்றக் கட்டணம் உண்டு என்றோ விதிமுறையில் இருக்கலாம்.

வெளிநாட்டுப் பாடங்களும் செல்லும், சான்றிதழ் மேற்கண்டபடி இருந்தால். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் டென்டிஸ்ட்ஸ் போன்ற அமைப்புகள் இணையத்தில் ஒழுக்கவியல் பாடங்கள் நடத்துகின்றன. இந்தியாவிலிருந்தும் நல்ல பாடங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவர்கள் சான்றிதழில் ஜிடிசியின் டெவலப்மென்ட் அவுட்கம் தானாக வந்துவிடாது. தருவீர்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பதில் மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். அமெரிக்கப் பாடம் அமெரிக்கன் டென்டல் அசோசியேஷனின் ஐந்து கொள்கைகளைச் சுற்றி நகரும், சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சிந்தனைக்கு அது நல்ல தீனி. பிரிட்டிஷ் ஒப்புதல் சட்டத்துக்கோ இங்குள்ள புகார் நடைமுறைக்கோ அதை நம்ப முடியாது.

4. விதிமுறைப் பக்கத்தில் எந்தெந்த வரிகளைத் தேடுவது

முழுப் பக்கத்தையும் படிக்க நேரமில்லை என்றால் கீழ்க்கண்டவற்றை மட்டுமாவது தேடிப் படியுங்கள். பணம் கட்டும் நாளில் அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள். விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எழுதியிருக்கும். நீங்கள் ஒத்துக்கொண்டது எது என்பதற்கு உங்களிடம் ஒரு நகல் இருக்க வேண்டும்.

*கணக்கு யாருடையது?* பிராக்டிஸ் பணம் கட்டினால் கணக்கு பிராக்டிஸுடையதாக இருக்கும். நீங்கள் வேலையை விட்ட அன்று உள்ளே நுழைய முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட கணக்கில் எடுக்கும் பாடத்துக்கு, முடித்த நிமிடமே சான்றிதழைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். வேலை மாறும்போது கணக்கைத் தனிநபர் கணக்காக மாற்ற வழி உண்டா என்றும் பாருங்கள்.

*ஒருவருக்கு ஒரு கணக்கு.* கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது என்ற வரி எல்லா இடத்திலும் இருக்கும். இதை வெறும் வியாபார நிபந்தனை என்று நினைக்காதீர்கள். ஒருவர் ராத்திரி உட்கார்ந்து டீம் முழுவதற்கும் பாடத்தைச் சொடுக்கி முடித்துவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. "நீ புதுசு, உனக்கும் சேர்த்துப் போட்டுடறோம்" என்று அன்பாகவே சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். தளத்தில் யார், எப்போது, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற பதிவு இருக்கும். தேவைப்பட்டால் அதை ஒழுங்குமுறை அமைப்பிடம் தருவோம் என்ற வரியும் விதிமுறையில் இருக்கலாம். படிக்காத பாடத்துக்குச் சான்றிதழ் காட்டுவது நேர்மையின்மை. ஜிடிசி விசாரணைகளில் மணி குறைவதை விட அது பெரிய குற்றச்சாட்டு. அதுவும் ஒழுக்கவியல் பாடத்துக்கு என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

*அணுகல் எப்போது முடிகிறது?* 'ஒரு முறை வாங்கினால் போதும்' என்று முகப்பில் இருக்கும். உள்ளே 'பாடம் 12 மாதம்' என்றிருக்கும். பாடத்துக்கு ஒரு காலக்கெடு, சான்றிதழுக்கு ஒரு காலக்கெடு என்று இரண்டு இருக்கலாம். உங்களுக்கு முக்கியம் இரண்டாவது. சிபிடி பதிவுகளைச் சுழற்சி முடிந்து மேலும் ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் எடுத்த சான்றிதழைப் பத்தாண்டு காப்பாற்ற வேண்டும் என்பது இதன் பொருள். எந்தத் தளத்தின் 'உங்கள் சான்றிதழ்கள்' பக்கத்தையும் அவ்வளவு காலம் நம்பி இருக்க முடியாது.

*பாடப் பொருளின் உரிமை.* காணொளியையும் பிடிஎஃப்பையும் உங்கள் படிப்புக்கு மட்டும் பயன்படுத்தலாம். ஸ்டடி குரூப் வாட்ஸ்அப்பில் போடுவது, ஊரில் உள்ள ஜூனியருக்கு அனுப்புவது, உங்கள் பிராக்டிஸ் கூட்டத்தில் அவர்கள் ஸ்லைடைக் காட்டுவது எல்லாம் பதிப்புரிமை மீறல். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அதுதான். கணக்கை முடக்குவோம் என்று எழுதியிருந்தால், முடிக்கப்பட்ட பாடங்களின் சான்றிதழ்களும் அதோடு போகுமா என்று பாருங்கள்.

*'இது சட்ட ஆலோசனை அல்ல.'* இந்த வரியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பாடத்தில் சொன்னபடி செய்தேன் என்று புகார் வந்த பிறகு சொன்னால் அது தாங்காது. உண்மையான நோயாளி, உண்மையான சிக்கல் என்றால் உங்கள் இண்டெம்னிட்டி (புகார், இழப்பீட்டுக் கோரிக்கைகளில் துணைநிற்கும் தொழில் பாதுகாப்பு) நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள். அதற்காகத்தான் அங்கே பணம் கட்டுகிறீர்கள்.

5. பணம்: எங்கே போகிறது, எங்கே நிற்கிறது

முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். டென்டல் புரொடெக்‌ஷன், டிடியு, எம்டிடியுஎஸ் போன்ற இண்டெம்னிட்டி அமைப்புகளில் உறுப்பினராக இருந்தால், சட்டமும் ஒழுக்கவியலும் சார்ந்த இணையப் பாடங்கள் உறுப்பினர் சலுகையாகக் கிடைக்கும். என் அனுபவத்தில் இவைதான் தரமானவை. உண்மையான புகார்களைக் கையாள்கிறவர்கள் எழுதுவதால், நடந்த சிக்கலை அடிப்படையாக வைத்துப் பாடம் செல்லும். என்ஹெச்எஸ்ஸின் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையின்) இணையக் கல்வித் தளத்திலும் பல் மருத்துவப் பகுதி உண்டு. டென்டல் நர்ஸாக இருந்து, உங்களுக்கான இண்டெம்னிட்டி பிராக்டிஸ் வழியாக வருகிறது என்றால், பாடங்களும் அதில் சேருமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கட்டணப் பாடம் என்றால் நான்கு விஷயம் பாருங்கள். காட்டிய விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா? சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டா? கேள்வித் தேர்வில் தவறினால் மீண்டும் எழுதக் காசா? சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா? கடைசியில் உள்ளதுதான் அதிகம் கடிக்கிறது. ஓராண்டு முடிந்ததும் கார்டிலிருந்து தானே எடுத்துக்கொள்வார்கள், முதல் ஆண்டுத் தள்ளுபடி அப்போது இருக்காது. எத்தனை நாள் முன்பு ரத்து செய்யச் சொல்ல வேண்டும் என்பதைப் பார்த்து, சந்தா கட்டிய அன்றே அந்தத் தேதிக்குக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். நிறுவனம் பதில் தரவில்லை என்றால், இனி அந்தக் கார்டில் எடுக்க அனுமதி இல்லை என்று உங்கள் வங்கியிடமே சொல்லலாம்.

இப்போது பணம் திரும்பப் பெறுவது. "இணையத்தில் வாங்கினால் 14 நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று பலரும் சொல்வார்கள். 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, இணையவழிப் பொருளை உடனே தொடங்கச் சம்மதித்து, அதனால் ரத்து உரிமை போகும் என்று ஒப்புக்கொண்டால் உரிமை போய்விடும். பணம் கட்டும் பொத்தானுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறச் சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டால்தான் பொத்தானே உயிர் பெறும். அந்தக் கட்டம் இதற்குத்தான். இரண்டு, தொழிலுக்காக வாங்குகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. சிபிடி பாடம் தொழிலுக்கானது என்று நிறுவனம் வாதாட இடம் இருக்கிறது. ஆகவே சட்டத்தை நம்பி வாங்காதீர்கள், அந்த நிறுவனத்தின் பணத்தைத் திருப்பித் தரும் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிறருடைய பிராக்டிஸில் சுயதொழிலாக வேலை பார்க்கும் அசோசியேட் டென்டிஸ்ட் என்றால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இருக்கும் திறனைப் புதுப்பிக்கும் பாடச் செலவை வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டலாம்.

6. பாடத்தில் எழுதும்போது நோயாளியை எழுதாதீர்கள்

ஒழுக்கவியல் பாடங்களில் "உங்கள் வேலையில் சந்தித்த ஒரு சிக்கலை எழுதுங்கள்" என்று ஒரு பெட்டி வரும். மனம் விட்டு எழுதத் தோன்றும். நீங்கள் எழுதுவதைச் சேமிக்கவும் பயன்படுத்தவும் நிறுவனத்துக்கு உரிமை தருகிற வரி விதிமுறையில் இருக்கலாம். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் "பேருந்து ஓட்டுநர், ஐம்பது வயது, கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்த மறுநாள் முகம் வீங்கி வந்தார்" என்றாலே ஆள் தெரிந்துவிடும். நோயாளியின் தகவலைக் காப்பது ஒன்பது கொள்கைகளில் நான்காவது. பாடம் எடுக்கிற இடத்திலேயே அதை மீறிவிடாதீர்கள். சிக்கலின் எலும்புக்கூட்டை மட்டும் எழுதுங்கள்: "விளக்கிய அபாயத்தைக் குறிப்பில் எழுதவில்லை, பிறகு அது நேர்ந்தது" என்கிற அளவில். சக ஊழியரைப் பற்றிய குறைகளுக்கும் இதே அளவுகோல்தான்.

7. முடித்த அன்றே செய்ய வேண்டியவை

சான்றிதழைத் தரவிறக்குங்கள். மூன்றாவது படியில் உள்ள பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். நிறுவனம் உயிரோடு இருக்கும்போது கேட்டால்தான் கிடைக்கும், நாலு வருடம் கழித்து அந்தத் தளமே இருக்குமா தெரியாது.

கோப்புக்குத் தேதி, தலைப்பு, மணி என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். பிராக்டிஸ் கணினியை அதில் ஒன்றாக எண்ணாதீர்கள். பிறகு சிபிடி பதிவேட்டில் சேர்த்து, இந்தப் பாடத்தால் வேலையில் என்ன மாறியது என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். பிடிபி எனப்படும் தனிநபர் மேம்பாட்டுத் திட்டமும் கட்டாயம். ஒழுக்கவியல் பாடம் அதில் எந்தத் தேவைக்கு விடை என்று காட்ட வேண்டும். நோயாளியோடு பேசுவது, ஒப்புதல் பற்றிய பாடம் டெவலப்மென்ட் அவுட்கம் ஏ-யில் வரும். நடத்தை, நோயாளியின் நம்பிக்கை பற்றியது டி-யில் வரும்.

ஆண்டு முடிவில் இரண்டு வேலை, இரண்டும் வேறு வேறு. பதிவுக் கட்டணம் டென்டிஸ்டுகளுக்கு டிசம்பர் 31, மற்றவர்களுக்கு ஜூலை 31. சிபிடி மணிகளை அறிவிப்பது அதன் பிறகு 28 நாளுக்குள், அதாவது ஜனவரி 28 அல்லது ஆகஸ்ட் 28. அந்த ஆண்டில் ஒரு மணிகூட எடுக்கவில்லை என்றாலும் பூஜ்யம் என்று அறிவிக்க வேண்டும். கட்டணம் கட்டியதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். பெயர் இல்லாமல் ஒரு நாள் வேலை பார்த்தாலும் அது சட்ட மீறல். விசா வேலையோடு கட்டப்பட்டிருப்பவர்களுக்கு இதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை.

8. சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால்

முதலில் வாடிக்கையாளர் சேவைக்குச் சாதாரணமாக எழுதுங்கள். பாடத்தின் பெயர், முடித்த தேதி, கணக்கில் இருந்த மின்னஞ்சல், ஜிடிசி எண் எல்லாவற்றையும் ஒரே மடலில் கொடுங்கள். பதில் இல்லை, அல்லது கணக்கு உங்களுடையதல்ல என்கிறார்கள் என்றால் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் எடுங்கள். நீங்கள் என்ன பாடம், எப்போது, எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்பது உங்களைப் பற்றிய தகவல். கணக்குக்கு யார் பணம் கட்டியிருந்தாலும் அதன் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' என்று தலைப்பிட்டு, தனியுரிமைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். பொதுவாகக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் கெஞ்சி எழுதியும் நகராத என் விஷயம், இந்த ஒரு மடலுக்குப் பிறகுதான் நகர்ந்தது.

இதில் ஒரு வரம்பு உண்டு. தங்களிடம் உள்ள தகவலைத்தான் தருவார்கள், புதிதாகச் சான்றிதழ் தயாரித்துத் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. வந்த பதிவில் தேதியும் நேரமும் இருந்து, தரச் சரிபார்ப்பு விவரம் இல்லை என்றால், அந்த மணியைக் கணக்கில் சேர்க்காமல் வேறு பாடம் எடுத்து ஈடுகட்டுவதே பாதுகாப்பு. ஆகவே சுழற்சியின் கடைசி ஆண்டு பிறந்ததுமே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி ஒருமுறை சரிபாருங்கள். குறை இருந்தால் சரிசெய்ய அப்போது உங்களுக்கு இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கும்.